போய் வருகிறோம்

(திருத்தூதர் புனித தோமா பெருவிழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். வழங்கியவர்கள்: தான்சானியாவில் பணியாற்றி, விடுமுறைக்காகச் சென்னை வந்திருக்கும் மறைப்பணியாளர்கள்.)



ஜூலை 3 என்றாலே மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சாந்தோம் பேராலயமும், பேராலயத்தின் அடியில் இருக்கும் அந்தக் கல்லறைச் சிற்றாலயமும்தான் நினைவுக்கு வரும். திருப்பலியில் இன்று வாசிக்கப்படுவது யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம். காயங்களில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமா அடம்பிடிக்கும் பகுதி. அந்த ஒரே நிகழ்ச்சியை வைத்து அவருக்குச் 'சந்தேகத் தோமா' என்று பெயர் கட்டிவிட்டோம். ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அவர் செய்த மற்ற காரியங்கள் எல்லாம் மறந்துபோகும் அல்லவா, அதுபோலத்தான். அதே நற்செய்தியில் இதற்கு வெகு முன்பே, 11-ஆம் அதிகாரத்திலேயே, தோமா பேசுகிறார். யோவான் நற்செய்தியில் அவர் வாய் திறப்பது அங்கேதான் முதல் முறை. இன்று அந்த வார்த்தையைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறோம். எங்களுக்கு இந்த மாதம் அது மிகவும் தேவைப்படுகிறது.

சூழ்நிலை என்ன? எருசலேமில் இயேசுவின்மேல் எறியக் கல்லை எடுத்துவிட்டார்கள். அவர் தப்பி, யோர்தானுக்கு அக்கரை போய்த் தங்கியிருக்கிறார். அங்கே பிரச்சினை இல்லை. மக்கள் தேடி வருகிறார்கள், நம்புகிறார்கள். பணி நன்றாகத்தான் நடக்கிறது. அப்போது பெத்தானியாவிலிருந்து செய்தி வருகிறது, இலாசருக்கு உடல்நலம் இல்லை என்று. இரண்டு நாள் கழித்து இயேசு, மீண்டும் யூதேயாவுக்குப் போவோம் என்கிறார். சீடர்கள் பதறிப்போகிறார்கள். இப்போதுதானே அங்கே கல்லால் எறியப் பார்த்தார்கள், மறுபடியுமா என்று கேட்கிறார்கள். பெத்தானியா எருசலேமுக்கு மிக அருகில், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். அவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் தோமா, ஆண்டவரிடம் அல்ல, தம் உடன்சீடர்களிடம் திரும்பி, நாமும் போவோம், அவரோடு சாவோம் என்ற பொருளில் சொல்கிறார். இதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இலாசர் எழுந்து வருவார் என்று தோமா எதிர்பார்த்ததாகத் தோன்றவில்லை. போனால் சாவுதான் என்றே அவர் கணக்குப் போடுகிறார். கணக்குப் போட்ட பிறகும் கிளம்புகிறார்.

அன்பார்ந்தவர்களே, சீடர்களைக் கலங்க வைத்தது அந்த 'மறுபடியும்' என்கிற சொல்தான். முதல் முறை ஓர் இடத்துக்குப் போவது ஒரு விதம். அங்கே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாததால் துணிச்சலும் இருக்கும், ஆர்வமும் இருக்கும். இரண்டாம் முறை போகும்போது எல்லாம் தெரியும். எந்தச் சாலையில் பேருந்து புதையும், எந்த மாதம் கிணறு வற்றும், காய்ச்சல் வந்தால் உடம்பு எப்படித் தூக்கிப் போடும், எல்லாம் தெரியும். தெரிந்தும் போகிறோமா என்பதே கேள்வி.

மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எங்களுக்கு ஊர் விடுமுறை கிடைக்கும். மே மாதம் வந்து இறங்கினோம். இந்த ஜூலையில் திரும்புகிறோம். எங்களில் சிலர் குருக்கள், சிலர் அருள்சகோதரிகள். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் என்று இந்தப் பகுதிகளிலிருந்து போனவர்கள். தமிழ்நாட்டிலிருந்து இப்படிப் போவது புதிய வழக்கம் இல்லை. மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை 1877-இல் நம் உதகமண்டலத்தில்தான் பிறந்தது. கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நடத்தும் அதே சபைதான். உதகையில் தொடங்கிய அந்தச் சபையின் சகோதரிகள் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். 1980-இல் சலேசிய சபை ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியபோது, இந்தியாவிலிருந்து சென்றவர்கள் கென்யாவிலும் தான்சானியாவிலும் அதன் முதல் வேலைகளில் தோள் கொடுத்தார்கள். அவர்கள் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும்.

பயணத்துக்கு முந்தைய வாரம் தி.நகரில்தான் கழிகிறது. பனகல் பூங்காவிலிருந்து ரங்கநாதன் தெரு வரை கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டிருப்போம். விமானத்தில் பெரும்பாலும் இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. முதல் முறை போனபோது அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்று எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், புளி, ரசப் பொடி, கொசுவலை, டார்ச் லைட், அம்மா தெரிந்த டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கட்டித் தந்த மாத்திரைகள். எல்லாமே எங்களுக்காக. நாங்கள் பிழைத்திருக்க வேண்டுமே என்ற கவலை அந்தப் பெட்டி முழுக்க இருந்தது.

இந்த முறை பட்டியல் வேறு. தையல் இயந்திர ஊசிகள், பாபின்கள். தையல் வகுப்புக்கு வரும் பெண்களில் யாருக்கு எந்த எண் ஊசி வேண்டும் என்று தனியே குறித்து வந்தோம். வேதியருக்கு வாசிக்கும் கண்ணாடி. பையன்களின் காற்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு. பாடகர் குழுவின் கீபோர்டுக்கு ஓர் அடாப்டர். நம்மவர் ஒருவர் அங்கே ஒரு பாட்டிக்குக் குக்கர் பழக்கிவிட்டார், அந்தப் பாட்டிக்கு இரண்டு கேஸ்கட். ஊறுகாய் பாட்டில் ஒன்று இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் எடை கூடிப்போய் எதை வெளியே எடுப்பது என்று வந்தால் முதலில் வெளியே வருவது அந்த ஊறுகாய்தான். உஸ்மான் சாலைக் கடையில் பொட்டலம் கட்டிய பையன், "துபாய்க்கா சிஸ்டர்?" என்று கேட்டான். ஆப்பிரிக்கா என்றதும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பத்திரமா போய்ட்டு வாங்க" என்றான்.

போய்ட்டு வாங்க. நம் வீடுகளில் 'போகிறேன்' என்று யாரும் சொல்லிவிட்டுப் புறப்படுவதில்லை. குழந்தை தெரியாமல் சொன்னால்கூட, "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்துவோம். சுவாஹிலி மொழியில் விடைபெறும்போது 'க்வாஹெரி' என்பார்கள், நலமாக என்று பொருள். அதோடு நிறுத்தாமல், மீண்டும் பார்க்கும்வரை என்று ஒரு சொல்லைப் பின்னால் சேர்ப்பவர்களும் உண்டு. மே மாதம் அங்கே புறப்பட்டபோது அந்த மக்களிடம் 'போய் வருகிறோம்' என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம். இங்கே வந்ததும், விடுமுறை முடிந்து கிளம்பும்போது, அம்மாவிடமும் அதையே சொல்லப் போகிறோம். இரண்டு பேரிடமும் ஒரே சொல். இரண்டு பேரும் அதை நம்பிக் காத்திருக்கிறார்கள். எங்கள் சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிடும்.

எங்களில் ஒருவரின் தாய் மந்தைவெளியில் இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். லஸ் பிரகாச மாதா ஆலயத்துக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தவர், இப்போது மூட்டு வலியால் ஆட்டோவில்தான் போக முடிகிறது. 'என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்' என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்பது, "அங்க உன்ன யாரு பாத்துக்குவாங்க?" என்பதுதான். பெட்டி கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்து, "இது யாருக்கு?" என்று கேட்டார். பெயர் சொல்லச் சொல்ல, பார்த்தே இராத அந்த மனிதர்களின் பெயர்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

இதற்கு விவிலியத்தில் நேரான விடை இருக்கிறது என்று உங்களை ஏமாற்ற மாட்டோம். சிலுவையின் அருகே நின்ற தாயை இயேசு தம் அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார் என்று யோவான் எழுதுகிறார். ஒப்படைக்க ஓர் ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள். இதைப் பற்றிக் கடைசியில் ஒரு விண்ணப்பம் வைக்கப் போகிறோம்.

திருத்தூதர் பணிகள் நூலில் 14-ஆம் அதிகாரத்தை ஒரு நாள் அமைதியாக உட்கார்ந்து வாசியுங்கள். லிஸ்திராவில் பவுலைக் கல்லால் எறிந்து, செத்துவிட்டார் என்று நினைத்து, ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவர் எழுந்து, மறுநாள் தெருபைக்குப் போகிறார். தெருபையிலிருந்து கிழக்கே போனால் மலைக் கணவாயைத் தாண்டித் தர்சு நகரம். அது பவுலின் சொந்த ஊர். அடிபட்ட உடம்போடு வீட்டுக்குப் போய் ஒரு மாதம் படுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பவுல் அந்தச் சாலையில் போகவில்லை. வந்த வழியே திரும்புகிறார். மறுபடி லிஸ்திரா, மறுபடி இக்கோனியா, மறுபடி அந்தியோக்கியா. லூக்கா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கல்லெறிந்தவர்களின் தெரு வழியாகப் பவுல் மீண்டும் நடந்தபோது அவருக்கு எப்படி இருந்தது என்று அவர் எழுதவில்லை. ஏன் திரும்பினார் என்பதை மட்டும் எழுதுகிறார். அங்கே புதிதாக நம்பிக்கை கொண்ட சீடர்கள் இருந்தார்கள். பவுலுக்கு அங்கே அறிந்த முகங்கள் இருந்தன.

எங்களுக்கும் அதே காரணம்தான். ஆப்பிரிக்காவை நேசிக்கிறோம் என்று பொதுவாகச் சொன்னால் அதில் பொருள் இல்லை. ஆப்பிரிக்கா ஒரு நாடு கிடையாது, ஐ.நா. சபையில் அங்கிருந்து 54 நாடுகள் இருக்கின்றன. நாங்கள் நேசிப்பது தொடோமாவின் பக்கத்தில், சிவந்த வறண்ட மண்ணும் பெருக்க மரங்களும் உள்ள ஒரு சிறு பகுதியை. அந்த வறட்சியிலும் அங்கே திராட்சை விளைகிறது. அந்த மக்கள் எங்களுக்கு எப்படிச் சொந்தமானார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எங்களில் ஒருவரின் தந்தை சென்னையில் இறந்தபோது, செய்தி அங்கே இரவில் வந்து சேர்ந்தது. நம் ஊரில் மறுநாளே அடக்கம். எப்படிக் கணக்குப் போட்டாலும் வந்து சேர வழியில்லை. குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் நடந்த அடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்தோம். இடையிடையே படம் உறைந்து நின்றது. மண் போடும் நேரத்தில் தொடர்பே அறுந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் முற்றத்தில் ஆட்கள். யாரும் அழைத்து வந்தவர்கள் இல்லை. பெண்கள் விறகுக் கட்டோடும் தண்ணீர்க் குடத்தோடும் மாவோடும் வந்திருந்தார்கள். ஆண்கள் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே துக்க வீட்டுக்கு 'ம்சிபா' என்று பெயர். துக்கம் நடந்த வீட்டில் அடுப்பு மூட்டும் பொறுப்பு அக்கம்பக்கத்தாருடையது. சோளமாவுக் களியான உகாலியை அவர்களே கிண்டினார்கள். நாள் கணக்கில் வருவதும் போவதுமாக உடன் இருந்தார்கள். அவரவர் கையில் இருந்த சில்லறைத் தாள்களை மடித்து எங்கள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். 'ராம்பிராம்பி' என்பது அந்தக் காசின் பெயர். அதை மறுக்கக் கூடாது.

ஒரு மூதாட்டி இறந்தவரின் பெயரைக் கேட்டார். தமிழ்ப் பெயர், அவர் வாய்க்கு எளிதில் வரவில்லை. வரும்வரை விடாமல் சொல்லிப் பார்த்துவிட்டு, செபமாலை சொல்லும்போது அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடினார். சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே வாழ்ந்து, கடலுக்கு அப்பால் ஒரு நாளும் போகாத ஒரு மனிதருக்காக, அவரைக் கண்ணால் பார்த்திராத ஓர் ஊர் துக்கம் காத்தது. நீங்கள் கொடுக்கத்தானே அங்கே போகிறீர்கள் என்று சிலர் எங்களிடம் கேட்பார்கள். கொடுத்ததற்கு நாங்கள் கணக்கு எழுதி வைக்கிறோம், தணிக்கைகூட நடக்கிறது. பெற்றதற்கு எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அந்த மொழியில் 'போலே' என்று ஒரு சொல் உண்டு. காலில் கல் இடறினாலும் போலே, காய்ச்சல் என்றாலும் போலே, தந்தை இறந்தாலும் போலே. உன் வருத்தத்தில் எனக்கும் பங்கு என்கிற மாதிரி ஒரு பொருள். தவறு செய்தவர் கேட்கும் மன்னிப்பு அது இல்லை. தொலைவிலிருந்து வந்து இறங்கியவர்களையும் இதே சொல்லால்தான் வரவேற்பார்கள். பயணப்பட்டு வந்திருக்கிறாயே, போலே என்பார்கள்.

பயணம் நீண்டதுதான். 2022-லிருந்து சென்னைக்கும் அடிஸ் அபாபாவுக்கும் நேரடி விமானம் வந்த பிறகு ஓரளவு எளிதாகியிருக்கிறது. அதற்கு முன் வளைகுடா நாடுகளில் இறங்கி, நாற்காலியில் சாய்ந்து இரவைக் கழித்து ஏற வேண்டும். இப்போதும் பலர் அப்படித்தான் போகிறார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கான சிறு புத்தகம் கைப்பையில் இருக்கும். முன்பு அதைப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2016-லிருந்து ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். அந்த அறிவிப்பைப் படித்தபோது, இனி ஆயுள் முழுவதும் போய் வரலாம் என்று உத்தரவு வந்ததுபோல எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

விமானத்தில் உடன் வருபவர்களைப் பாருங்கள். தாருஸ்ஸலாமில் கணக்காளராக வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள், கட்டடப் பொறியாளர்கள், வியாபாரிகள். அவர்களுக்கு இணையாக, நம் சென்னை மருத்துவமனைகளுக்கு வந்து சிகிச்சை முடித்துத் திரும்பும் ஆப்பிரிக்கக் குடும்பங்கள். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு, அறுவை முடிந்த குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சென்னை என்பது வெயிலும், ஊசியும், காத்திருப்பும். தன் நாட்டுக்குத் திரும்புகிற மகிழ்ச்சி அவர் முகத்தில் அப்படியே தெரியும். திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில், பிலிப்பிடம் திருமுழுக்குப் பெற்ற எத்தியோப்பிய அரச அலுவலரை நாங்கள் அப்போது நினைத்துக்கொள்வோம். அவரும் எருசலேமுக்கு நீண்ட பயணம் வந்துவிட்டுத் தம் ஆப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்தான். மகிழ்ச்சியோடு தம் வழியே போனார் என்று நூல் சொல்கிறது. அவரோடு மறைப்பணியாளர் யாரும் போகவில்லை. நற்செய்தியை அவரே கொண்டு போனார்.

அரபிக் கடலைத் தாண்டுவதற்குள் இருட்டு. தூக்கம் வராது. முதல் பயணத்தில் விட்டு வந்ததையெல்லாம் எண்ணிக்கொண்டே போனோம். வீடு, தெரு, மெரினாக் காற்று, அம்மா கை ரசம். இப்போது மனம் தானாக வேறு கணக்கைப் போடுகிறது. கிணற்று மோட்டாரைப் பழுது பார்த்திருப்பார்களா? பத்தாம் வகுப்பை நிறுத்திவிடுவதாகச் சொன்ன அந்தப் பெண் பள்ளிக்கு வருகிறாளா? மூச்சிரைப்போடு இருந்த அந்த முதியவரைப் போய்ச் சேரும்போது பார்ப்போமா? அடிஸ் அபாபாவில் மாறித் தெற்கே பறக்கும்போது, வானம் தெளிவாக இருந்தால், மேகத்துக்கு மேலே கிளிமஞ்சாரோவின் தலை தனியே மிதக்கும். 5895 மீட்டர் உயரம். அதைப் பார்த்ததும் விமானத்தில் யாராவது ஒருவர் கைதட்டிவிடுவார். தாருஸ்ஸலாமில் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னே தள்ள வேண்டும். அதோடு இன்னொரு மாற்றமும் உண்டு. சுவாஹிலி பேசுகிறவர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஒன்பது அவர்களுக்கு மூன்றாம் மணி. விவிலியத்தில் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று வருவதை நாம் விளக்கம் சொல்லிப் புரியவைக்கிறோம். அங்கே மறைக்கல்வி வகுப்பில் அதற்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. 2024 முதல் தொடோமாவுக்கு மின்சார ரயில் ஓடுகிறது. நாள் முழுக்கப் பேருந்தில் குலுங்கிய தூரம் இப்போது நான்கு மணி நேரத்துக்குள் முடிகிறது.

தாருஸ்ஸலாமுக்கு வடக்கே கடற்கரையில் பகமோயோ என்று ஓர் ஊர் இருக்கிறது. உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளைக் கப்பலேற்ற நடத்திக் கொண்டுவந்த கரை. இதயத்தை இங்கே இறக்கி வை என்பதே அந்தப் பெயரின் பொருள் என்று அங்கே சொல்லுவார்கள். சுமை தூக்கி வந்தவர்கள் பாரத்தை இறக்கிய இடம் என்று வேறு விளக்கமும் உண்டு. 1868-இல் தூய ஆவி சபைக் குருக்கள் அங்கே பணித்தளம் அமைத்து, மீட்கப்பட்ட அடிமைகளுக்கு ஒரு குடியிருப்பை உருவாக்கினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் பெருநிலப் பகுதியில் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடக்கம் அதுதான்.

அந்தக் கரைக்கு நம் நாட்டிலிருந்து போன ஒரு நூலும் இருக்கிறது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவர்கள் சிலர் அக்காலத்தில் பம்பாயில் இறக்கப்பட்டு, நாசிக்கில் ஒரு மிஷன் பள்ளியில் வளர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜேக்கப் வெயின்ரைட். வளர்ந்தபின் ஆப்பிரிக்காவுக்கே திரும்பினார். 1873-இல் டேவிட் லிவிங்ஸ்டன் இன்றைய ஸாம்பியா நாட்டில் இறந்தபோது, அவருடைய இதயத்தை அந்த மண்ணிலேயே ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலை மட்டும் மாதக்கணக்கில் தோளில் சுமந்து பகமோயோவுக்குக் கொண்டுவந்தார்கள் அவருடைய ஆப்பிரிக்கத் தோழர்கள். இதயத்தைப் புதைத்தபோது செபம் வாசித்தவர் நாசிக்கில் படித்த அந்த வெயின்ரைட். சிறுவனாகத் தன்னைப் பிடித்துக் கொண்டுபோன நிலத்துக்கு, பிடித்துக் கொண்டுபோன பாதைகளுக்கே, அவர் மறுபடியும் போனார் என்பதை நினைத்தால் எங்கள் 23 கிலோப் பெட்டிகள் மிகச் சிறியதாகத் தெரிகின்றன.

புனித தானியேல் கொம்போனியின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1857-இல் தோழர்களோடு வெள்ளை நைல் பகுதிக்குப் போனார். தோழர்கள் பலர் காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அவரும் உடல் நொறுங்கி இத்தாலிக்குத் திரும்பினார். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் திரும்பிப் போனார். ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கரைக் கொண்டே எழுப்ப வேண்டும் என்று 1864-இல் திட்டம் வகுத்தார். ஆயராகி, 1881 அக்டோபர் 10 அன்று கார்த்தூமில், ஐம்பது வயதில் இறந்தார்.

சென்னைப் பங்குகளில் மறைபரப்பு ஞாயிறன்று எங்களைப் பேச அழைக்கும்போது, பசியும் சிங்கமும் கலந்த கதைகளைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் படங்களைக் காட்டினால் உண்டியல் நிரம்பும். நாங்கள் காட்டுவதில்லை. நான்கு குரல்களில் இசை பிரித்துப் பாடும் பாடகர் குழுவையும், இரண்டரை மணி நேரத் திருப்பலி முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் முற்றத்தில் நிற்கும் கூட்டத்தையும் சொல்கிறோம். இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசு 1995-இல் முதன்முதலாக யாருக்குக் கொடுக்கப்பட்டது தெரியுமா? அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியரேரேவுக்கு. ஆசிரியராக இருந்தவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர் என்றே அவரை இன்றும் அழைக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மனம் விட்டுச் சொல்லிவிடுகிறோம். அங்கே முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்றாலும் 'கரிபு' என்ற குரல் வரும். அருகே வா, உள்ளே வா என்று பொருள். நம் சென்னைக்குப் படிக்க வந்திருக்கும் ஆப்பிரிக்க இளைஞர்கள் சிலரை இந்த விடுமுறையில் சந்தித்தோம். வாடகைக்கு வீடு இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னவர்கள், முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று சொன்ன கதைகளைச் சொன்னார்கள். பேருந்தில் நிற்க இடமில்லாத நேரத்திலும் தங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பெயரைக் கற்றுக்கொண்டு நமக்காக மன்றாடிய மூதாட்டியின் பேரனாக அவன் இருக்கலாம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்கள் ஆலய வாசலில் தனியாக நிற்பார்கள். போய்ப் பெயரைக் கேளுங்கள். வாயில் வரும்வரை சொல்லிப் பாருங்கள்.

தோமா தம் சொந்த ஊருக்குத் திரும்பியதாக நம் மரபு எதையும் சொல்லவில்லை. கி.பி. 52-இல் மலபார்க் கரையில் இறங்கி, 72-இல் பரங்கிமலையில் குத்துண்டு இறந்து, மயிலாப்பூர் மணலில் அடக்கமானார் என்றே நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர் எங்கிருந்து வந்தாரோ அங்கே அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பார். அந்தத் தாயைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நம் ஊருக்கு நம்பிக்கை கிடைத்ததில் அந்தத் தாய் கொடுத்த விலையும் இருக்கிறது.

ஆகவே எங்கள் விண்ணப்பம். அடுத்த சில வாரங்களில் நாங்கள் ஒவ்வொருவராக மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிவிடுவோம். எங்களுக்காக நீங்கள் மன்றாடுவீர்கள், அது எங்களுக்குத் தெரியும். மன்றாடுவதோடு, உங்கள் பங்கில் மறைப்பணியாளர்களைக் கொடுத்த வீடு எது என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஓர் இடம் இருந்தால் அந்தத் தாயையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடி ஏறும்போது கூட்டத்தில் அவர்களால் நிற்க முடியாது, ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். தலை வெள்ளியன்று நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டு போகிறவர்கள் பத்து நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். அவர்களுடைய கைப்பேசிக்கு நாங்கள் படங்கள் அனுப்பியிருப்போம். பலருக்கு அதைத் திறக்கத் தெரியாது, எழுத்தும் சிறியதாக இருக்கும். நீங்கள் திறந்து காட்டுங்கள். தையல் வகுப்புப் பெண்கள் புது ஊசியோடு நிற்கும் படம் அதில் இருக்கும், புதுக் கண்ணாடி போட்ட வேதியரும் இருப்பார். அம்மாவுக்கு அவர்களுடைய பெயர்கள் தெரியும். நீங்கள் யார் இது என்று கேட்டால் அவரே சொல்வார்.